நாலாவது கட்டத்தில் ஒரு கோடு

ரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலம் இறங்கி முடிகிற இடத்தில், மருந்துக்கடைக்கு நேர் எதிரே, ஒன்பதடி அகலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதற்கு முதலாளியும் அவர்தான், வேலையாளும் அவர்தான், கூட்டிப் பெருக்குகிறவரும் அவர்தான். ஊரில் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் மற்றவர்களைப் போல "சாயங்காலம் வாங்க" என்று சொல்லமாட்டார். "அஞ்சு இருபதுக்கு வாங்க" என்பார். ஐந்து இருபதுக்குப் போனால் கண்ணாடி துடைத்துக் கூட்டுக்குள் வைத்து மேசைமேல் தயாராக இருக்கும். ஐந்து பதினைந்துக்குப் போனவர்கள் ஐந்து நிமிஷம் நிற்கவேண்டியதுதான்.

"பொறக்கும்போதே கையில கடிகாரம் கட்டிக்கிட்டுத்தான் வந்தாராம்" என்று எதிர்க்கடை மருந்துக்காரர் சொல்வார். "அது ரெண்டு நிமிஷம் ஸ்லோன்னுதான் அழுதாராம்."

அவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். சாணைக்கல்லில் தண்ணீர் சொட்டச்சொட்ட வட்ட லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருப்பார். லென்ஸ் ஒரு டிகிரி திரும்பி உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். எதனால் வலிக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு வலி கொடுக்கக்கூடாது என்பது கண்ணாடிக்காரரின் கட்சி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பெரிய கடை ஒன்றில் பெட்டி திறந்து மூடும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர்.

அந்தக் கடையின் முன்பக்கக் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஒரு பெரிய தாள் ஒட்டப்படும். ‘இந்த ஊரில் தெரியும் கிரகணங்கள்’ என்று தலைப்பு. கீழே கட்டம் கட்டமாக நாலு பத்தி: தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், மறையும் அளவு. முப்பத்தோரு வருஷமாக இது நடக்கிறது.

அது தொடங்கிய கதையைச் சொல்லிவிட வேண்டும். கடை போட்ட இரண்டாம் வருஷம் ஒரு சூரிய கிரகணம் வந்தது. மூன்று நாள் கழித்து ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வந்தார். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது, நல்ல கண்ணாடியாகப் போட்டுக்கொடுங்கள் என்றார். பெட்டியில் இருந்த லென்ஸையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தும் பொட்டு போகவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. செய்தித்தாளில் ஒன்பதரைக்குக் கிரகணம் முடிகிறது என்று போட்டிருந்தார்கள். அது வேறொரு ஊருக்கான நேரம். இங்கே முடிய இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. முடிந்துவிட்டதே என்று டிரைவர் வெறுங்கண்ணால் சூரியனை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அதன்பிறகு அவர் பஸ் ஓட்டவே இல்லை.

பன்னிரண்டு நிமிஷம். அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்கு அது தலைக்குள்ளே உட்கார்ந்துகொண்டது. நூலகத்தில் யாரும் தொடாத தடித்த புத்தகங்களை எடுத்துப் படித்தார். உலக நேரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றக் கற்றுக்கொண்டார். அதோடு விடவில்லை. மேம்பாலத்தின் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் குடிநீர்த் தொட்டி ஒன்று வானத்தை மறைக்கும். நிலா எழுந்து அந்தத் தொட்டியைத் தாண்ட எத்தனை நேரமாகிறது என்று பல மாதம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நின்று அளந்தார். இருபத்திரண்டு நிமிஷம் என்று சராசரி வந்தது. நிலா எழும்போதே பிடித்திருக்கிற சந்திர கிரகணத்துக்குத் தன் பட்டியலில் அந்த இருபத்திரண்டையும் கூட்டித்தான் போடுவார். புத்தகத்தில் இருக்கிற நிலா வேறு, இந்த ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரிகிற நிலா வேறு என்பார்.

ஒரே ஒருமுறை நாலு நிமிஷம் பிசகியது. மறுநாளே ‘திருத்தம்’ என்று ஒரு சீட்டு எழுதித் தாளின் கீழே ஒட்டினார். யாரும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டு அந்த வருஷம் முழுக்கத் தொங்கியது.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். பூமியின் நிழலில் இரண்டு பாகம் உண்டு. நடுவில் அடர்ந்த நிழல், அதைச் சுற்றி மெல்லிய புறநிழல். நிலா அடர்ந்த நிழலுக்குள் போனால் யாருக்கும் தெரியும். புறநிழலை மட்டும் உரசிக்கொண்டு போனால், புத்தகம் அதையும் கிரகணம் என்றுதான் சொல்லும். கண் மட்டும் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டதை அவர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

"புத்தகத்துல இருக்கலாம். கண்ணுல இல்லையே. ஒண்ணும் தெரியாத நிலாவைப் பாக்கச் சொல்லி ஊரை எதுக்குக் கூப்பிடணும்?" என்பார்.

கணக்குப் போடுவதுதான் அவர். தாளில் எழுதுவது அவர் மனைவி. கண்ணாடிக்காரரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்து போனது போல இருக்கும்; அந்த எறும்புக்கும் அவசரம். மனைவியின் எழுத்தோ அச்சு. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வருகிறவரைக்கும் சான்றிதழ்களை எழுதியது அந்தக் கைதான். ஊரில் இருபது முப்பது வயதுக்காரர்களில் பாதிப்பேர் பிறந்ததற்கு அத்தாட்சி அந்த எழுத்து. ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பெரிய தாளை விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்து, "ம், சொல்லுங்க" என்பாள். அவர் தன் நோட்டைப் பார்த்துச் சொல்லச்சொல்ல, அவள் எழுதுவாள்.

இத்தனை எழுதியவள் ஒரு கிரகணத்தைக்கூடப் பார்த்ததில்லை. இது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. முதல் சூரிய கிரகணத்தன்று மகளுக்குக் காய்ச்சல். அடுத்ததற்கு அவர் பாலத்தில் நின்று ஊர்ஜனங்களுக்கு வடிகட்டிக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார். கடையில் யாராவது இருக்கவேண்டுமே என்று இவள் இருந்தாள். இன்னொன்றின்போது அலுவலகத்தில் தணிக்கை. சந்திர கிரகணம் பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது. "என்னை எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் படுப்பாள். காலையில் வேலைக்குப் போகிறவள், தூங்கட்டும் என்று இவர் தனியாக மாடிப்படி ஏறுவார். காலையில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். "சரியா மூணு பதினேழுக்கு ஆரம்பிச்சுது" என்பார். அதுதான் அவருக்குத் தெரிந்த வர்ணனை.

அறுபது வயதில் ஓய்வு பெற்றாள். அதே வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். திரும்ப வந்தது. நவம்பர் மாதத்தில் ஒருநாள் டாக்டர் கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டாக்டர் போட்டிருந்த கண்ணாடி இவர் செய்துகொடுத்ததுதான்.

"எவ்வளவு நாள்னு சொல்லுங்க" என்று இவர் கேட்டார்.

"அப்படியெல்லாம் கணக்காச் சொல்ல முடியாதுங்க. ஆறு மாசம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

முன்னே பின்னே. இந்த இரண்டு வார்த்தையையும் தன் கடையில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தார்.

டிசம்பர் கடைசி வந்தது. நோட்டில் கணக்கை முடித்துவிட்டு கண்ணாடிக்காரர் நாலு நாள் அதைத் திறக்கவே இல்லை. வரும் வருஷம் இந்த ஊரில் தெரிகிற கிரகணம் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த வருஷம் அக்டோபரில்தான் ஒரு சூரிய கிரகணம். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு மாதம். மே ஐந்தாம் தேதி ஒன்று இருந்தது, வெறும் புறநிழல். அதிலும் நிலாவின் மூன்றிலொரு பங்குதான் புறநிழலுக்குள் போகிறது. வழக்கப்படி அதன்மேல் பென்சிலால் குறுக்கே அடித்திருந்தார்.

அவள் விடவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தாள். தாளை விரித்தாள். டம்ளர் வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. கட்டங்களைப் போட்டு முடித்துப் பேனாவைத் திறந்தாள்.

"ம், சொல்லுங்க."

அவர் நோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்னங்க, எழுத்து புரியலையா? நீங்க எழுதினது உங்களுக்கே புரியலைன்னா நான் என்ன பண்றது?"

"புரியுது."

"அப்புறம் என்ன? இந்த வருஷமாவது எனக்கு ஒண்ணு இருக்கா? படியெல்லாம் ஏற முடியாது. விடியக்காலையில எல்லாம் வேண்டாம். சாயங்காலமா, சௌகரியமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." கடையில் ஃபிரேம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு முடியும்போது கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"மே அஞ்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

அவருக்கே அது யார் குரலோ போலக் கேட்டது.

"சந்திர கிரகணமா?"

"ஆமா. ஆறு அம்பத்தாறு. தொட்டிக்கு மேல வந்ததும் தெரியும். ஒன்பது முப்பத்தெட்டுக்கு முடியுது."

அவள் எழுதினாள். தேதி, தொடக்கம், முடிவு. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எவ்வளவு மறையும்?"

"அது... அளவை அப்புறமா போட்டுக்கலாம்."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் ‘அப்புறமா’ என்று ஒரு கட்டத்தையும் விட்டதில்லை. அவள் நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

தாளை ஒட்டாமல் கடைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அது நடக்கவில்லை. ஜனவரி இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச்சொல்லித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"எங்க, ஒட்டலையா? ஒவ்வொரு வருஷமும் ஒண்ணாம் தேதியே ஒட்டிடுவீங்களே."

"பசை தீர்ந்துபோச்சு."

"அதோ பக்கத்துக் கடையில விக்கிறாங்க. வாங்கிட்டு வந்து ஒட்டுங்க, நான் இருக்கேன்."

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் பார்க்க, அவர் ஒட்டினார். தாள் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. அந்த மே மாதத்து வரியை அதன்பிறகு அவர் கண் தொடவே இல்லை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் வெளியூரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவாள். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது.

"அப்பா, மே அஞ்சாம் தேதி என்ன கிரகணம்?"

அவர் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இதுல வெறும் புறநிழல்னு போட்டிருக்கு. பாத்தா ஒண்ணும் தெரியாதாம். இதையெல்லாம் நீங்க பட்டியல்ல சேக்கவே மாட்டீங்களே."

"சேக்கமாட்டேன்."

"அப்போ?"

"உங்கம்மா கேட்டா."

மகள் போனை அணைத்தாள். "ஊர்ல எல்லாரும் பாலத்துக்கு வருவாங்கப்பா. உங்களை நம்பி வருவாங்க. என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியலை."

"அம்மாவுக்கு மட்டும் மொட்டை மாடியில காட்டிடலாமே."

"பாலத்துக்குத்தான் போகணுமாம். எல்லாரும் நிக்கிற இடத்துல நிக்கணுமாம்."

மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அலமாரியில் டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த டம்ளர்கள்.

மே ஐந்தாம் தேதி வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. மேகமாவது வரும் என்று கண்ணாடிக்காரர் காலையிலிருந்து நாலுமுறை வெளியே வந்து பார்த்தார். ஒரு பஞ்சுத்துண்டுகூட இல்லை. கிரகணத்துக்கு மேகம் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான்.

சக்கர நாற்காலியை மருந்துக்காரர் எங்கோ பிடித்துக் கொண்டுவந்தார். மகளும் மருந்துக்காரரும் சேர்ந்து பாலத்தின் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நடந்தார். நாற்காலியில் இருந்தவள் போர்வைக்குள் பாதிதான் இருந்தாள். கண் மட்டும் பழைய கண்.

பாலத்தின் உச்சியில் நூறு பேருக்குக் குறையாது. கைப்பிடிச் சுவரில் குழந்தைகளை உட்காரவைத்திருந்தார்கள். பிளாஸ்க்கில் டீ வந்திருந்தது. யாரோ பைனாகுலர் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க நிமிஷம், ஆறு அம்பத்தாறுதானே?"

"ஆமா."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. சரியா வந்துட்டீங்க."

ஆறு ஐம்பத்தாறுக்குத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிலா வந்தது. முழுசாக, பளிச்சென்று, தட்டு மாதிரி.

ஐந்து நிமிஷம் எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் ஆனது. குழந்தைகள் சுவரிலிருந்து இறங்கினார்கள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சாச்சுன்னுதான் தாள்ல போட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

பைனாகுலர்காரர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முயல்குட்டி வரைக்கும் தெரியுது. கிரகணத்தைத்தான் காணோம்."

"நிமிஷம், நிலாவுக்கு ஒரு கண்ணாடி போட்டுவிடுங்க. வழி தெரியாம நிக்குது போலிருக்கு."

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அது அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெரியவர், யாரிடமோ சொல்வது போல, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "போன மாசம்தான் இவர்கிட்ட கண்ணாடி மாத்தினேன். அதுலயும் இப்படித்தானா?"

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகர்வது தெரிந்தது, எண் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இது புறநிழல், ஒன்றும் தெரியாது, தெரிந்தேதான் எழுதினேன். சொன்னால் அவள் கேட்பாள். இரண்டடி தள்ளி அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அதோ, இடது பக்கம்" என்றது நாற்காலி.

மெல்லிய குரல்தான். ஆனால் பதிவு அலுவலகக் கவுன்ட்டரில் முப்பது வருஷம் பேர் கூப்பிட்ட குரல். கூட்டம் திரும்பியது.

"இடது பக்கம், கீழ் ஓரம். நல்லாப் பாருங்க. பால்ல ஒரு சொட்டு டீ விழுந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆமா, லேசா..." என்றாள் ஒரு பெண்.

"எனக்கும் தெரியுது. கொஞ்சம் மங்கலா."

"நீங்க இப்படிச் சாஞ்சு பாருங்க. தெரியுதா?"

"ஆமாமா. நான் அப்பவே பாத்தேன், சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்."

பைனாகுலர் கை மாறியது. கண்ணாடி மாற்றிய பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார். மருந்துக்காரர் மட்டும் நிலாவைப் பார்த்தார், நண்பனைப் பார்த்தார், கைகளைக் கட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்காரரும் பார்த்தார். தினமும் லென்ஸில் மயிரிழைக் கீறலைத் தேடிக் கண்டுபிடிக்கிற கண். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் அந்த நிலாவில் ஒரு மாசும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கையில் விட்டு, மகள் பால் காய்ச்சப் போனபிறகு, அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். எதையாவது சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தார். அவளே ஆரம்பித்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. எதுக்கு வராத வேலையில கை வைக்கிறீங்க?"

அவர் நிமிர்ந்தார்.

"நாலாவது கட்டத்துல கோடு போட்டேனே, பாக்கலையா?"

"கோடா?"

"எங்க ஆபீஸ்ல எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது. ஒண்ணுமில்லைன்னா கோடு போடணும். கோடுன்னா ‘இல்லை’ன்னு அர்த்தம். எத்தனை தடவை உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்க அளவு சொல்லாம முழிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. முப்பத்தோரு வருஷம் எழுதினவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வந்தே?"

"வராம? ஆளை எழுப்பாம தனியா மாடி ஏறிப் போற மனுஷன், இந்த ஒருதடவை கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. வராம இருப்பேனா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "கிரகணம் கிடக்குது. நான் என்னைக்கு நிலாவைக் கேட்டேன்?"

அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஊருக்குப் பொய் சொல்லிட்டேங்க" என்றாள். "அதுக்கு ஒண்ணும் பண்ணமுடியாது. அந்தப் பெரியவர் அப்படிக் கேட்டதும் எனக்குப் பொறுக்கலை."

ஜூன் பத்தொன்பதாம் தேதி அவள் போய்விட்டாள். காலை ஏழு நாற்பது என்று மகள் டாக்டரிடம் சொன்னாள். கண்ணாடிக்காரர் கடிகாரம் பார்க்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போனபோது, அவள் உட்கார்ந்திருந்த கவுன்ட்டரில் இருந்த பெண் எழுந்து நின்று கொடுத்தாள். கம்ப்யூட்டரில் அடித்த தாள். நிரப்பாத ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. யாரும் கோடு போட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் தன் பேனாவால் அதில் ஒரு கோடு போட்டார்.

கடையை மறுபடி திறந்த அன்று, மே மாதத்து வரியை முதல்முறையாக நின்று படித்தார். கோடு இருந்தது. அளவுகோல் வைத்துப் போட்டது போன்ற கோடு, அரை விரல் நீளம். ஐந்து மாதம் ஊரே பார்த்துக்கொண்டு போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஒரு சீட்டு வெட்டி எடுத்தார். ‘திருத்தம். மே 5 கிரகணம் புறநிழல் கிரகணம். கண்ணுக்குத் தெரியாது. பட்டியலில் சேர்த்தது என் தவறு’ என்று எழுதினார். பசையும் தடவினார். தாள்வரை கொண்டுபோன கை அங்கேயே நின்றது. இதை ஒட்டினால் அவர் செய்தது நேராகிவிடும், சந்தேகமில்லை. ஆனால் அன்று பாலத்தில் இடது ஓரத்தைக் காட்டியவளை என்ன செய்வது? பார்த்தேன் பார்த்தேன் என்று சொன்ன அத்தனை பேரும் இதைப் படிப்பார்கள். சுற்றி வளைத்து அவளிடம்தான் போய் நிற்பார்கள். பதில் சொல்ல அவள் இல்லை.

பசை காய்கிறவரை சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நோட்டுக்குள் வைத்து மூடினார். முப்பத்தோரு பட்டியலில் ஒரு வரி தப்பாகவே நின்றது.

டிசம்பரில் தாளை விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தார். "ம், சொல்லுங்க" என்று சொல்ல ஆளில்லை. மகள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தானே எழுதினார். அக்டோபர், சூரிய கிரகணம், காலை எட்டு பதினான்கு, பத்து இருபத்தொன்பது, ஐந்தில் இரண்டு பங்கு. பெரிதாக எழுதத்தான் நினைத்தார். வழக்கம்போல எறும்பு ஊர்ந்தது.

ஒட்டி இரண்டு நாள் கழித்து மருந்துக்காரர் சாலையைக் கடந்து வந்தார். கண்ணாடிக்கு வெளியே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இதைப் படிக்க உங்ககிட்டயே ஒரு கண்ணாடி வாங்கணும் போலிருக்கே. நல்ல வியாபாரம்."

கண்ணாடிக்காரர் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டியது. மருந்துக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. ரொம்ப நாளா மனசுல கிடக்குது. போன மே மாசம்... நிஜமா ஏதாவது தெரிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் தெரியலை. கண்ணு போயிடுச்சோன்னு பயமாவே இருக்கு."

சாணைக்கல் நின்றது. கண்ணாடிக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் வீட்டுக்காரி பாத்தா" என்றார்.

மருந்துக்காரர் எழுந்தார். போகும்போது தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

இப்போது பட்டியலைப் படிக்கிறவர்கள் முன்பு போல நடந்துகொண்டே படிக்க முடியாது. நின்று, குனிந்து, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துத்தான் படிக்கவேண்டும். கடை மூடும் நேரத்தில் வெளிப்பக்கம் முழுக்க மூக்குத்தடமும் மூச்சுப்படலமுமாக இருக்கும். மென்மையான துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, லென்ஸைத் துடைக்கிற அதே கவனத்தோடு, அவர் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார்.